எந்தக் கால் முதலில்

எர்மெக்குக்கு ஒரு இடத்தில் சும்மா இருக்க வராது. நின்றால் கால் ஆடும், உட்கார்ந்தால் விரல் தாளம் போடும், சாப்பிடும்போதுகூட ஒரு கை கேமராவின் மேல்தான் கிடக்கும். மலைநாட்டுக் கோச்கோர் வட்டாரத்துக் கல்யாணங்களில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவனுடைய கேமராச் சத்தம் காதில் விழுந்துவிடும். ஒருமுறை அழுத்தினால் நொடிக்குப் பத்துப் படம்; அழுத்திய விரலை அவன் லேசில் எடுக்கவும் மாட்டான். ஊர்க்காரர்கள் அவனுக்கு அவ்தோமாத் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பட்டாளத்துக்காரர்கள் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற துப்பாக்கியின் பெயர் அது. வேறொருவனாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பான். இவன் அதைக் காரின் பின்கண்ணாடியில் பெரிதாக எழுதி ஒட்டிக்கொண்டான்.

செசிம் ஒரு வாரம் முன்னால் அவனுக்குப் போன் செய்திருந்தாள். இருபத்துநாலு வயதுப் பெண். பெரிய மலைக்கு அடியில் இருக்கிற சின்ன ஊரிலிருந்து பேசினாள்.

"அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்குக் கால்கயிறு அறுக்கிறோம். எனக்கு ஒரே ஒரு படம் வேணும்."

"ஒண்ணா?" எர்மெக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணு எடுக்கிறதுக்கு நான் எதுக்கும்மா? ஆயிரம் தர்றேன், உனக்குப் பிடிச்சதைப் பொறுக்கிக்க."

"ஆயிரம் வேண்டாம்ணே. கயித்தை அறுத்ததும் அவ முதல் காலை எடுத்து வைப்பா பாருங்க, அது மட்டும். எந்தக் காலுன்னு தெரியணும். அவங்கப்பா கேக்கறாரு."

அவங்கப்பா என்றால் அல்மாஸ். ருஷ்யாவில் கட்டட வேலை. குழந்தைக்கு நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றிய மறுநாள் போனவன், அதன்பின் வரவில்லை. இப்போது ஊருக்கு வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், காகிதத்தில் அப்படி ஒரு சிக்கல். அவனிடம் இருப்பது பொத்தான் போன். செசிமின் போனுக்கும் ஊர் மேட்டில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிவரை ஏறினால்தான் பேச்சே கேட்கும், படமெல்லாம் போகாது. நல்லவேளையாக அல்மாஸின் சித்தப்பா மகன் மிர்லான் அதே ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கிளம்புகிறான். தலைநகர் பிஷ்கெக்கில் படத்தை அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, அங்கேயே விமானம் ஏறி, அல்மாஸின் கையில் கொடுத்துவிடுவான். இதுதான் ஏற்பாடு. அல்மாஸ் மனைவியிடம் சொல்லியிருந்தான்: "மத்ததையெல்லாம் நீ சொல்லு, நான் மனசுல பாத்துக்கறேன். எந்தக் கால் முதல்லன்னு மட்டும் சரியாச் சொல்லிடு. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல இருந்து போனைக் கையிலயே வச்சிருப்பேன்." குழந்தை வளர்வதைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவன் வேறு எதைக் கேட்பான்?

எர்மெக் சரி என்றான். சரி என்று சொல்வதும் அவனுக்கு வேகமாகத்தான் வரும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கே வந்து இறங்கிவிட்டான். இறங்கின கையோடு சுட ஆரம்பித்தான். கட்டிப்போட்டிருந்த குதிரை, புகை விடும் சமோவார், எண்ணெயில் உப்பி எழும் போர்சோக் ரொட்டித் துண்டு, அல்மாஸின் அக்கா காலிபாவின் தங்கப்பல் என்று ஒன்றையும் விடவில்லை. காலிபா அந்த வீட்டின் வாய். புளித்த குதிரைப்பால் குமிஸ் நிறைந்த கிண்ணத்தை அவனிடம் நீட்டிவிட்டு, "டேய் அவ்தோமாத், இதைக் குடிக்கிற நேரமாவது அதைக் கீழ வை. என் பல்லு எங்கயும் ஓடிப்போகாது" என்றாள். அவன் வாங்கி ஒரே மடக்கில் குடித்தான். வலது கை அப்போதும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

பகல் ஒன்றரைக்குப் புல்வெளியில் கம்பளம் விரித்து, ஒரு வயது பெகிமாயை நிறுத்தினார்கள். கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிறு அவளுடைய இரண்டு கணுக்காலையும் சுற்றி எட்டுப் போட்டிருந்தது. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டார்கள். வாய்க்கால் கரையிலிருந்து பிள்ளைகள் ஓடிவர வேண்டும். முதலில் வருகிற பிள்ளை கயிற்றை அறுக்கும். அறுத்தால் குழந்தையின் வழி திறந்து நல்ல நடை வரும் என்பது நம்பிக்கை. செசிம் குழந்தைக்குப் பின்னால், எர்மெக்குக்கு நேர் எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஓடுங்க!" என்று காலிபா கத்தினாள்.

இருபது பிள்ளைகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடி வருகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எர்மெக்கால் முடியுமா? அவர்கள் வாய்க்காலில் கிளம்பும்போது அழுத்திய விரலை அவன் கம்பளம்வரை எடுக்கவில்லை. இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்பிள்ளைதான் முதலில் வந்து விழுந்தாள். கத்தியை வாங்கினாள். அந்த இடத்தில் கேமரா, வாய் கொள்ளாமல் திணித்துக்கொண்ட பிள்ளை மாதிரி, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றது. ஓரத்தில் சிவப்பு விளக்கு மினுக்கியது. அழுத்தினான். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினான். கத்தி இறங்கியது, கயிறு விழுந்தது, பெண்கள் குரல் கொடுத்தார்கள், பெகிமாய் நாலடி நடந்துவிட்டாள். கேமராவுக்கு உயிர் வந்தபோது எதிரே யாரோ ஒரு அத்தையின் தலைத்துணிதான் நின்றது.

கல்யாண வீடுகளில் எர்மெக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. மோதிரம் போடுவது சரியாக விழவில்லையென்றால் மூன்று தடவை போடச் சொல்வான். பெண்ணின் அம்மாவை இரண்டாம் தடவை அழவைத்ததும் உண்டு. அந்தப் பழக்கம் இங்கேயும் அவன் வாயைத் திறந்துவிட்டது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! இன்னொரு தடவை! கயித்தைத் திரும்பக் கட்டுங்க, அந்தப் பாப்பா மறுபடி அறுக்கட்டும்!"

ஒரு பெரியவர் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னடா சொன்ன?" காலிபா அவன் முகத்துக்கு நேரே வந்துவிட்டாள். "அறுத்த கட்டைத் திரும்பக் கட்டறதா? புள்ளையோட வழியை மறுபடி கட்டச் சொல்றியா? உன் காலைக் கட்டி அந்த வாய்க்கால்ல போடறேன் வா! ஏற்கெனவே இந்த வீட்டுல ஒருத்தன் வழி கட்டிக் கிடக்கு, அது போதாதா உனக்கு?"

எர்மெக்கும் இந்த மண்ணில் பிறந்தவன்தானே, அவன் காலில் கட்டியிருந்த கயிற்றையும் எவனோ ஓடிவந்து அறுத்திருப்பான்தானே! தான் சொன்னது இன்னதென்று புரிந்ததும் அவனுக்குக் காதெல்லாம் சுட்டது. "தெரியாமச் சொல்லிட்டேன்க்கா, அல்லா காக்கணும்" என்று இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டான்.

செசிம் திட்டவில்லை. வெளுத்துப் போயிருந்தாள். கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, படம் இருக்கா இல்லையா?"

"இருக்கும்மா. இருக்கு. கார்ல வச்சுப் பெரிசாப் பாத்தாத்தான் தெரியும்" என்று சொல்லி, அவள் முகத்தைப் பார்க்காமல் நடையைக் கட்டினான்.

முதுகுக்குப் பின்னால் சண்டை தொடங்கிவிட்டது. காலிபா வலது கால்தான் என்றாள். கையைப் பிடித்திருந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு காலைச் சொன்னார்கள். அவரவர் பிடித்த பக்கத்துக் கால். கத்தி பிடித்த பெண்பிள்ளையைக் கேட்டால், "நான் கயித்தைத்தான் பாத்தேன்" என்றாள். கடைசியில் யாரோ, "ஏன், பெத்தவளைக் கேளுங்களேன்" என்றார்கள். செசிம் கிண்ணங்களைப் பொறுக்கிக்கொண்டு சமோவார் பக்கம் போய்விட்டாள். தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு அவள் ஏறவில்லை. ஏறி அவனிடம் என்னவென்று சொல்வது?

காருக்குள் எர்மெக் மடிக்கணினியை விரித்தான். ஆயிரத்து நூற்று நாற்பது படம். சரசரவென்று தள்ளினான். கத்தி கயிற்றுக்கு மேலே நிற்கிறது, அடுத்தது தலைத்துணி. நடுவில் ஒன்றுமே இல்லை. முன்னும் பின்னும் நாலு தடவை தள்ளிப் பார்த்தான், ஒளித்து வைத்திருந்தால் வந்துவிடும் என்கிற மாதிரி. அதற்குள் போன் அடித்தது; அவனுடையது வேறு கம்பெனி, கீழேயும் சிக்னல் எடுக்கும். அன்று சாயங்காலம் படமெடுக்க ஒப்புக்கொண்டிருந்த கோச்கோர்க் கல்யாண வீட்டுக்காரர்.

"எங்க இருக்கீங்க? அஞ்சு மணிக்குப் பொண்ணு கிளம்பிடும்."

"வந்துட்டே இருக்கேன்" என்றான். ஒரே நாளில் இரண்டாவது பொய்.

மணி இரண்டரை. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பக்கத்து வீட்டிலும் இதே வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது. அறுந்த கயிறு புல்லில்தான் கிடக்கிறது. கிட்டே போய்க் காலை மட்டும் எடுத்தால் யார் கண்டது? ருஷ்யாவில் யூரல் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குக் கால் காலாகத்தான் தெரியும். இறங்கிப் போனான். யாரும் பார்க்காதபோது கயிற்றில் ஒரு துண்டை எடுத்துச் சட்டைப் பையில் செருகினான். திரும்பி வந்தவனுக்கு, பெகிமாய் என்ன காலுறை போட்டிருந்தாள் என்பது நினைவில்லை. காலை பத்து மணியிலிருந்து அவளைச் சுற்றிச் சுற்றி வந்தவனுக்கு அது தெரியவில்லை!

காலுறையைத் தேடித்தான் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தான். அப்படிப் பார்ப்பது அவனுக்குப் புதிது. எடுத்ததை அப்படியே கொடுத்துவிட்டுப் போகிறவன் அவன்; பொறுக்குவது வாங்கியவர்கள் பாடு. சிவப்புக் காலுறை. இடது பக்கத்தது நழுவிக் குதிகால் வெளியே தெரிந்தது. இன்னொரு படத்தில் நாக்கை உதட்டோரத்தில் துருத்திக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் நானா எடுத்தேன் என்றிருந்தது அவனுக்கு.

அதன்பிறகு செசிம் கண்ணில் பட்டாள். கத்தி வருகிற படத்தில் அவள் கேமராவைப் பார்க்கிறாள். அதற்கு முந்தியதிலும் அப்படித்தான். தலைத்துணி மறைத்த அந்தப் படத்தில், துணியின் ஓரத்தில், அத்தனை பேரும் குனிந்து குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டிருக்க, பெற்றவள் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள். படத்துக்கு முகம் காட்டுகிற பார்வை இல்லை. எடுத்துவிட்டீர்களா, எடுத்துவிட்டீர்களா என்று கேட்கிற பார்வை. புருஷன் பார்க்க வேண்டும் என்பதற்காக அவள் தான் பார்ப்பதை விட்டுவிட்டாள். எர்மெக்குக்கு வெட்கமாக இருந்தது. மடிக்கணினியை மூடிவிட்டுக் காரிலிருந்து இறங்கினான்.

செசிம் சமோவாருக்குப் பக்கத்தில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் போய் நின்றான்.

"இல்லம்மா. படம் இல்லை. பொய் சொன்னேன்."

கிண்ணம் அவள் கையிலேயே நின்றது. "ஒண்ணுதானேண்ணே கேட்டேன். ஒரே ஒண்ணு. ஆயிரம் வேண்டாம்னு சொன்னேனே." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நானும் பாக்கலண்ணே. எல்லாரும் கேக்கறாங்க, பெத்தவ பாக்கலன்னு எப்படிச் சொல்றது? நீங்க அழுத்துறீங்களா இல்லையான்னு உங்களையே பாத்துட்டிருந்துட்டேன்."

எர்மெக் குழந்தையைத் தேடினான். பெகிமாய் தாழ்ந்த மேசையோரம் உட்கார்ந்து ஒரு போர்சோக்கைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் பிடிக்காம அவ தானா நடந்திருக்காளாம்மா?"

"இல்லை. பிடிச்சுட்டு நிப்பா, அவ்வளவுதான்."

"அப்ப முதல் காலை இன்னும் வைக்கலை. பிடிச்சு நடத்துனது நம்ம கால்தானே."

காலிபா இதைக் கேட்டுக்கொண்டு வந்தாள். "அடடா, சட்டம் பேசறான் பாரு. நாலு மணிக்குள்ள நடந்து முடின்னு அவளுக்கு உத்தரவு போட்டிருக்கியா? சின்னப் புள்ளைடா அது, உன்னோட காரு இல்லை, சாவி போட்டதும் கிளம்ப."

"உக்காந்து பாக்கறேன்க்கா. வேற என்ன செய்ய?"

மணி மூன்று. எர்மெக் கேமராவில் படம் பதிகிற அட்டையை எடுத்துவிட்டு வேறு அட்டையைப் போட்டான். அழுத்தினால் ஒரே படம் விழுகிற மாதிரி திருகினான். அந்தத் திருகு வாங்கின நாளிலிருந்து அசையாமல் இருந்ததால் இறுகிப் போயிருந்தது. கம்பளத்தில் குழந்தைக்கு மூன்று முழம் தள்ளிச் சப்பணமிட்டு உட்கார்ந்தான். செசிம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள்.

அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு மணி நேரத்தை அனுபவித்ததில்லை. பெகிமாய் போர்சோக்கைத் தின்றாள். கீழே போட்டாள். எடுத்து மறுபடி தின்றாள். எர்மெக்குக்கு விரல் அரித்தது. சட்டைப் பையில் போன் துடித்து ஓய்ந்து, மறுபடி துடித்தது. கல்யாணப் பெண் இந்நேரம் தலை வாரிக்கொண்டிருப்பாள். ஒரு ஆட்டுக்குட்டி வந்து அழகாக நின்றது. அழுத்தாமல் இருப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது. கால் மரத்தது. எழுந்து ஒரு சுற்று ஓடிவிட்டு வரலாமா என்றிருந்தது. எழுந்தால் அந்த நேரம் பார்த்து நடந்துவிடுவாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

குழந்தை மேசையைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"அண்ணே, எடுங்க! எடுங்க!"

"நிக்கிறாம்மா. நடக்கலை."

தொப்பென்று உட்கார்ந்தாள். இப்படி ஐந்து தடவை. ஐந்தாம் தடவைக்குள் எர்மெக்குக்குச் சில விஷயங்கள் பிடிபட்டிருந்தன. எழுவதற்கு முன் வலது உள்ளங்கையைத் தரையில் பதிக்கிறாள். நின்றதும் நாக்கு உதட்டோரத்துக்கு வருகிறது. மேசையை விடலாமா என்று நினைக்கும்போது மட்டும் மூச்சை அடக்குகிறாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் செசிமின் கண் மகளிடமிருந்து அவன் விரலுக்குத் தாவுவதையும் அவன் கவனித்தான்.

"என்னைப் பாக்காதம்மா. அவளைப் பாரு."

"நீங்க தப்ப விட்டுட்டீங்கன்னா?"

"விட்டா விட்டதுதான். நீ பாத்திருப்பல்ல."

அவள் அதன்பின் அவன் பக்கம் திரும்பவில்லை.

நாலு மணிக்கு வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. மிர்லான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு புல்வெளிக்கு வந்தான். "அண்ணி, டிரைவர் கத்தறான். பிளேன் எனக்காக நிக்குமா? படம் இருந்தாக் குடுங்க, இல்லைன்னா விடுங்க."

"டிரைவர் கத்தறானா?" காலிபா சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். சற்று நேரத்தில் அவள் குரல் மட்டும் கேட்டது. "தைரியம் இருந்தா என் மேல ஏத்திட்டுப் போடா பாக்கலாம்! டீ வந்துட்டிருக்கு, குடிச்சுட்டுத்தான் போகணும்!"

நாலு மணி பத்து நிமிஷம். பெகிமாய் வலது உள்ளங்கையைப் பதித்து எழுந்தாள். நின்றாள். இந்தத் தடவை அவள் மேசையைப் பார்க்கவில்லை. எர்மெக்கின் சட்டைப் பையைப் பார்த்தாள். அவன் ஒளித்து வைத்திருந்த கயிற்றுத் துண்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, கறுப்பும் வெள்ளையுமாக. அது தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ. நாக்கு உதட்டோரத்துக்கு வந்தது. கை மேசையை விட்டது. மூச்சு நின்றது.

எர்மெக்கின் மூச்சும் நின்றது. கால் கம்பளத்தைவிட்டு எழும்பியது. காற்றில் நின்றது. இறங்கியது.

டக்.

ஒரே ஒரு சத்தம். விரல் பழக்கத்தில் மறுபடி இறங்கப் பார்த்தது; அவன் அதைத் தூக்கிக்கொண்டான். இரண்டாவது அடி, மூன்றாவது அடி, குழந்தை முன்னால் சாய்ந்தது. கேமராவை அப்படியே மடியில் நழுவவிட்டு இரண்டு கையாலும் பிடித்தான். அவள் அவன் சட்டைப் பையிலிருந்து கயிற்றை உருவி வாயில் வைத்துக்கொண்டாள்.

மிர்லான் ஓடி வந்தான். "வந்திருக்கா? பாருங்கண்ணே, வந்திருக்கான்னு பாருங்க!"

எர்மெக் திரையைப் பார்க்கவில்லை. அட்டையை உருவி மிர்லானின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். "வந்திருக்கும். போ, ஓடு." தவறிப்போயிருந்தால் என்ற பயம் அப்போதுதான் வந்தது. செசிமிடம் ஏதாவது சொல்லலாம் என்று திரும்பினான்.

செசிம் அங்கே இல்லை.

தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். ஒற்றைச் செருப்பு பாதிச் சரிவிலேயே கிடந்தது. மேலே போய்ச் சேர்ந்து போனைக் காதில் வைத்ததும் அவள் போட்ட சத்தம் வாய்க்கால் கரைவரை கேட்டது. மலைக்கு அந்தப் பக்கமே கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

"இடது! இடது காலுங்க! ... இல்லை, யாரும் சொல்லலை. நானே பாத்தேன்! என் கண்ணால பாத்தேன்!"

வாசலிலிருந்து திரும்பி வந்த காலிபா, "நான் வலதுன்னுல்ல சொன்னேன்" என்று முனகினாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. எல்லாரும் மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அல்மாஸ் என்ன கேட்டானோ, செசிம் தன் இடது காலை மெல்ல எடுத்து முன்னால் வைத்துக் காட்டினாள், அவன் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி.